தண்ணீரை உயர்த்திய கை

திருகோணமலை
11.05.2025

அன்புள்ள சரீப் நானாவுக்கு,

கடவுள் கிருபையால் நானும் சீலாவும் பிள்ளைகளும் சுகமாக இருக்கிறோம். நீங்களும் நிஸா ராத்தாவும் புத்தளத்து வெயிலுக்குப் பழகி, ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று இன்றைய பூசையிலும் கேட்டுவிட்டுத்தான் வந்து எழுத உட்கார்ந்தேன்.

காகிதம் எடுத்து எழுதுகிறானே, இவனுடைய போன் உடைந்துவிட்டதா என்று யோசிப்பீர்கள். போன் நன்றாகத்தான் இருக்கிறது. போன கிழமை தெரியாத நம்பரில் இருந்து உங்களுக்கு எடுத்தது நான்தான். அது சீலாவின் போன். நீங்கள் இரண்டு தரம் ஹலோ சொல்லி, பிறகு ஸலாம் சொல்லி, யாரது என்று கேட்டீர்கள். நாற்பத்தாறு வயதில் பள்ளிக்கூடப் பொடியன் போலப் போனை வெட்டிவிட்டு, லைன் கிடைக்கவில்லை என்று சீலாவிடம் சொன்னேன். கடிதம் என்றால் பிழைத்தால் கிழித்துவிட்டு மறுபடி எழுதலாம். இது நான்காவது காகிதம்.

மகள் மின்ஹாவின் மகனுக்கு இப்போது ஐந்து மாதம் ஆகப்போகிறது அல்லவா? கிண்ணியாவுக்குப் போகிற பஸ்ஸில் உங்கள் மருமகனைக் கண்டேன். பிள்ளை குப்புறப் புரள்கிறான் என்று சொன்னார். விலாசமும் அவர் தந்ததுதான். நீங்கள் இறால் பண்ணையில் காவல் வேலை பார்ப்பதாகவும் சொன்னார். ஏழு வருடம் நம் தொட்டிகளைப் பார்த்த மனிதர் இன்று யாரோ ஒருவருடைய இறாலுக்குக் காவல் இருக்கிறார் என்று கேட்டபோது, அடுத்த தரிப்பில் இறங்கி நடந்தே போகலாமோ என்றிருந்தது.

கந்தோருக்குப் புது இஞ்சினியர் வந்திருக்கிறார். பெயர் ஸல்ஹா, மூதூர்க்காரர், வயது முப்பது இருக்காது. முதல் நாளே சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு வரம்பில் நடந்தார். இந்தத் தொட்டிகள் என்ன செய்கின்றன என்று உங்கள் வாயால் சொல்லுங்கள் என்றார். பார்க்க வருகிற பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு நீங்கள் சொல்வதை அப்படியே ஒப்பித்தேன். ஓர்ஸ் ஹில் அடிவாரத்து வீட்டுத்திட்டத்தின் கழிவுநீரில் முக்கால்வாசி அழுக்கை மேலே இருக்கிற மெஷின் எடுக்கும். மிச்சக் கால்வாசியை நம் நாலு தொட்டியும் எடுக்கும். முதல் தொட்டியில் கல்வாழை, மற்ற மூன்றிலும் ஆளுயரத்துக்கு நிற்கிற சம்புக் கோரை. தண்ணீர் கல்லுக்கும் வேருக்கும் இடையால் ஊர்ந்து ஊர்ந்து, வாய்க்காலில் விழும்போது மீன் குடிக்கிற பதத்துக்கு வந்துவிடும். பிறகு அது உள்துறைமுகத்துக்குப் போகும். மீன் குடிக்கிற பதம் என்றதும் ஸல்ஹா சிரித்துவிட்டார். அது சரீப் நானாவின் கதை என்றேன். யார் அவர் என்று கேட்டார். முன்பு என்னோடு வேலை செய்தவர் என்றேன்.

தொட்டிகளின் நிலைமை உங்களுக்குத் தெரியாமல் இல்லை. கல்வாழை தப்பிவிட்டது. சம்பு இருந்த மூன்றும் அழுகிக் கறுத்தபடிதான் கிடக்கின்றன. கட்டைபறிச்சான் பக்கத்துக் குளத்தில் இருந்து மூன்று மூட்டை சம்புக் கிழங்கு கொண்டு வந்து நட்டேன். அரைவாசி சாய்ந்துவிட்டது, மிச்சம் மஞ்சளாகி நிற்கிறது. எவ்வளவு ஆழத்தில் நட வேண்டும், தண்ணீரை எந்த மட்டத்தில் வைக்க வேண்டும் என்று உங்களைத் தவிர எனக்குச் சொல்ல ஆளில்லை. உங்களிடம் கேட்க எனக்கு என்ன முகம் இருக்கிறது என்று தெரியும். இருந்தாலும் கேட்கிறேன்.

வாய்க்கால் வாயில் வலை வீசுகிற இராசதுரை அண்ணன் வழியில் கண்டால் நின்று கதைக்கிறார். மாசியில் மீன் செத்து மிதந்தபோது கேற்றில் வந்து நின்று உங்களை ஏசினாரே, அவர்தான். முந்தநாள், “ஆட்டுக்காரன் போனபிறகு கொஞ்சம் மீன் திரும்புது, என்ன வின்சன்ட்?” என்று கேட்டார். உங்கள் ஆடு சம்பில் வாய் வைக்காது என்று எனக்குத் தெரியும். உங்கள் சைக்கிளில் இருந்த புல்லுக்கட்டெல்லாம் தெருவோரப் புல் என்றும் தெரியும். இருந்தும், பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று வந்துவிட்டேன். உண்மையில் எனக்கு எந்த பஸ்ஸும் பிடிக்க இருக்கவில்லை.

இன்னும் ஒரு விஷயம் எழுத இருக்கிறது. சீலா சாப்பிடக் கூப்பிடுகிறாள், அது பிறகு. உங்கள் உடம்பைப் பாருங்கள். ராத்தாவுக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

உங்கள்
வின்சன்ட்


திருகோணமலை
01.06.2025

அன்புள்ள சரீப் நானாவுக்கு,

உங்கள் கடிதம் புதன்கிழமை கிடைத்தது. நீங்களும் ராத்தாவும் சுகம் என்று அறிந்து ஆறுதல். வருகிற ஹஜ்ஜுப் பெருநாளுக்கு எங்கள் எல்லோருடைய வாழ்த்தும்.

நீங்கள் எழுதியபடியே செய்தேன். கடைசித் தொட்டியின் வாயில் இருக்கிற வளைகுழாயைச் சாய்த்துத் தண்ணீரை இறக்கி, கிழங்கை விரல் நீளம் மட்டும் புதைத்துக் கல்லால் அமர்த்தினேன். நாளுக்கு ஒரு விரல் அளவாகத் தண்ணீரை ஏற்றுகிறேன். இரண்டாம் தொட்டியில் குருத்து வந்துவிட்டது. ஸல்ஹா படம் பிடித்துக்கொண்டு போனார்.

ஏன் என்னை ஒரு வார்த்தைகூட ஏசாமல் எழுதியிருக்கிறீர்கள் நானா? முழுக்க வாசித்தேன், திருப்பியும் வாசித்தேன். சம்பை யாரோ வெட்டினது ஒரு பங்கு, வெட்டின அடிக்கட்டைக்கு மேலே தண்ணீர் ஏறி நின்றதுதான் மிச்சம் முழுவதும், அந்த வளைகுழாயைக் கிண்ணியாவுக்குப் போகுமுன் சாய்த்து வைக்க மறந்தது நான்தான் தம்பி, பிழை என்னுடையதுதான் என்று எழுதியிருந்தீர்கள். மகளுக்கு வலி கண்ட செய்தி வந்த பதற்றத்தில் புத்தி எங்கேயோ இருந்திருக்கிறது என்றும் எழுதியிருந்தீர்கள்.

அதை மனதில் போட்டு வருத்திக்கொள்ள வேண்டாம். வயது போனால் எல்லோருக்கும் ஞாபகம் பிசகும். எனக்கே இப்போது கண்ணாடியை எங்கே வைத்தேன் என்று தெரிவதில்லை.

இத்துடன் சீலா கட்டித் தந்த கருவாட்டுப் பார்சலும் அனுப்புகிறேன். இறக்கக்கண்டிக் கருவாடு, உப்புக் குறைவு. இன்றைக்கு மழை இருட்டாக இருக்கிறது, வேறொரு நாள் விபரமாக எழுதுகிறேன்.

உங்கள்
வின்சன்ட்


திருகோணமலை
29.06.2025

என் மதிப்புக்குரிய சரீப் நானாவுக்கு,

சுகம் விசாரிக்கிற தகுதி இந்தக் கடிதத்துக்கு இல்லை. நேரே விஷயத்துக்கு வருகிறேன். வாசிக்கும்போது ராத்தாவும் பக்கத்தில் இருக்கட்டும். அவர்தான் எனக்கு எழுதினார், உங்களுக்குத் தெரியாமல். அவரை ஏச வேண்டாம்.

பண்ணை முதலாளி ஸெய்னுதீன் ஹாஜியார் உங்களைக் கூப்பிட்டு, மதகுகளை நீங்களே பொறுப்பெடுங்கள், உப்புத் தண்ணீரும் நல்ல தண்ணீரும் திறந்து மூடுகிற வேலைக்கு உங்களைப் போல ஆள் இங்கே இல்லை என்று சொன்னாராம். சம்பளமும் கூடவாம், இருக்க வீடும் தருவாராம். நீங்கள் ஏலாது என்றுவிட்டீர்களாம். ஒரு மதகை மறந்தால் இவ்வளவு இறாலும் செத்துவிடும், என்னுடைய ஞாபகத்தை நானே நம்புவதில்லை என்றீர்களாம். வீட்டில் அடுப்பை அணைத்தாயா என்று ராத்தாவிடம் நாலு தரம் கேட்கிறீர்களாம். அவர் வாதாடியபோது என்னுடைய கடிதத்தை எடுத்துக் காட்டி, “இஞ்ச பாரு, வின்சன்டும் எழுதியிருக்கான், வயசு போனா ஞாபகம் பிசகுமெண்டு” என்றீர்களாம்.

நானா, அந்த வளைகுழாயை நீங்கள் மறக்கவில்லை. நத்தாருக்கு ஒரு கிழமை முன், மார்கழி பதினெட்டாம் திகதி பின்னேரம் நீங்கள் அதைச் சாய்த்துவிட்டுத்தான் போனீர்கள். தண்ணீர் சரியான மட்டத்தில் நின்றது. அதை மறுபடி நிமிர்த்தித் தண்ணீரை உயர்த்தியது நான். சம்பை வெட்டியதும் நான்.

இதை எழுதிவிட்டு எழும்பிப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். இனி நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

எங்கள் கோயில் பங்கில் ஒவ்வொரு நத்தாருக்கும் அன்பியங்களுக்கு, அதாவது அயல்வீட்டுக் குழுக்களுக்கு, இடையில் பாலன் இயேசுவின் குடில் கட்டும் போட்டி நடக்கும். உங்களுக்குத் தெரியும், நீங்களும் ஒருமுறை வந்து பார்த்துவிட்டு, ஒட்டகம் ஏன் மாட்டைவிடச் சின்னதாக இருக்கிறது என்று கேட்டீர்கள். எங்கள் அன்பியம் பதினொரு வருடமாக ஒன்றும் வெல்லவில்லை. போன வருடம் என்னைத் தலைவராக்கினார்கள். அந்தத் தலைமை என்னுடைய தலைக்கு ஏறிவிட்டது. மார்கழி மழைக்கு வைக்கோல் எல்லாம் பூஞ்சணம் பிடித்துக் கிடந்தது. கூரைக்கு என்ன செய்வது என்று எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் பெரிய ஆள் போல, நாளைக்குப் பச்சைச் சம்பு வரும், முழு நீளத்தில் வரும் என்றேன். எங்கே இருந்து என்று கேட்டார்கள். தெரிந்த இடம் என்றேன். மலக்கழிவு போகிற தொட்டியில் இருந்து என்று சொல்ல வெட்கமாக இருந்தது. ஏழு வருடம் அதில் வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தவனுக்கு அதில் என்ன வெட்கம் என்று கேளுங்கள். அந்த வெட்கம் எனக்கு எப்போதும் இருந்தது. ஊரில் யாரும் கேட்டால் பூந்தோட்டத்தில் வேலை என்றுதான் சொல்வேன்.

பத்தொன்பதாம் திகதி விடிய அரிவாளோடு இறங்கினேன். ஒரு நேரத்தில் ஒரு தொட்டிதான் வெட்ட வேண்டும், மாரியில் வெட்டவே கூடாது, வெட்டினாலும் தண்ணீருக்கு மேலே ஒரு முழம் விட்டுத்தான் வெட்ட வேண்டும் என்று நீங்கள் எத்தனை தரம் சொல்லியிருப்பீர்கள்? “தண்டுக்குள்ளால தான் தம்பி வேர் மூச்சு விடுது” என்று ஒரு தண்டைப் பிளந்து உள்ளே இருக்கிற கண்ணறைகளையும் காட்டினீர்கள். எனக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. ஆனால் குடிலுக்கு முழு நீளம் வேண்டும். அடியோடு அறுத்தேன். ஒரு தொட்டியில் போதவில்லை. மற்றதிலும் இறங்கினேன், பிறகு அதற்கு அடுத்ததிலும்.

ஏறி நின்று பார்த்தபோதுதான் செய்தது என்னவென்று தெரிந்தது. மூன்று தொட்டியும் மொட்டை அடித்தது போல இருந்தன. வீட்டுத்திட்டத்தில் இருந்து பார்க்கிற எவருக்கும் தெரியும். கந்தோரில் இருந்து யாராவது வந்தால் வேலை போய்விடும். அப்போதுதான் வளைகுழாயை நிமிர்த்தினேன். ஒரு மணி நேரத்தில் தண்ணீர் ஏறி அடிக்கட்டை எல்லாம் மறைந்துவிட்டது. மழைக்காலம், தண்ணீர் நிறைந்து கிடக்கிறது என்று பார்ப்பவர்கள் நினைப்பார்கள். நத்தார் முடிந்ததும் இறக்கிவிடலாம் என்று எண்ணினேன். இருபத்தாறாம் திகதி பிடித்த மழை விடவில்லை. இடையில் மழை கொஞ்சம் குறைந்த ஒரு நாள் நான் குடையோடு அந்தக் குழாய்க்குப் பக்கத்தில் போய் நின்றேன். இறக்கினால் வெட்டினது தெரிந்துவிடும் என்று கை வைக்காமல் திரும்பி வந்தேன். ஒரு கையால் திருப்புகிற குழாய் அது. வெட்டியதை மடத்தனம் என்று வைத்தாலும், இதற்கு எனக்குச் சாட்டுச் சொல்ல ஒன்றும் இல்லை. வேருக்கு மூச்சு போகாது என்று தெரிந்துகொண்டுதான் பதினேழு நாள் அப்படியே விட்டேன்.

தை ஐந்தாம் திகதி நீங்கள் பேரன் பிறந்த சந்தோசத்தில் மஸ்கட் அல்வாவும் கொண்டு வேலைக்கு வந்தீர்கள். முதல் துண்டை எனக்குத் தந்தீர்கள். பிறகு வரம்புக்குப் போய், திரும்பி வந்து, சம்பு எங்கே என்று கேட்டீர்கள். நத்தாருக்கு நான் வரவில்லை, யாரோ மாட்டுக்காரர் புகுந்து வெட்டியிருக்கிறார்கள் என்றேன். வாயில் நீங்கள் தந்த அல்வா இருந்தது. நீங்கள் ஓடிப்போய்க் குழாயைச் சாய்த்துவிட்டு, நிமிர்ந்து இருந்ததே, நான் சாய்த்து வைத்துவிட்டுத்தானே போனேன் என்று உங்களுக்குள்ளேயே சொன்னீர்கள். பிறகு, மறந்துவிட்டேனோ என்றீர்கள். அப்போது நான் ஒரு சொல் சொல்லியிருக்கலாம்.

எங்கள் குடிலுக்கு முதற்பரிசு கிடைத்தது. கேடயம் எங்கள் வீட்டு அலுமாரியில் இருந்தது. கூரையின் பச்சை நிறத்தை நடுவர்கள் தனியாகப் பாராட்டினார்கள்.

மாசியில் நடந்தது உங்களுக்குத் தெரியும். வேர் அழுகி, தொட்டியே நாற்றமெடுத்து, வாய்க்காலில் மீன் மிதந்தது. தலைமைக் கந்தோரில் இருந்து பெரியவர் வந்தார். சைக்கிளில் உங்கள் புல்லுக்கட்டைக் கண்டதாக யாரோ சொன்னார்கள். “இதென்ன தொட்டியோ, சரீப்பின்ர ஆட்டுப்பட்டியோ?” என்று அவர் பகிடி விட்டார். நின்ற எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நீங்கள் மற்ற யாரையும் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தீர்கள். அந்தச் சிரிப்பை என்னால் முகத்தில் இருந்து உடனே எடுக்க முடியவில்லை. அடுத்த கிழமை உங்களை வேலையில் இருந்து நிற்பாட்டினார்கள். ஆடுகளையும் விற்றுவிட்டுப் போனீர்கள். அன்றில் இருந்து எனக்கு என்னை நினைத்தாலே அருவருப்பாக இருக்கிறது.

தபசு காலத்தில் கோயிலில் சுவாமியிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். அதிலும் கள்ளத்தனம்தான். கோபப்பட்டேன், பூசைக்குப் பிந்திப் போனேன், பொய் சொன்னேன் என்று மற்றவைகளோடு சேர்த்து இதையும் உள்ளே தள்ளிவிட்டேன். சுவாமி மூன்று தரம் அருள்நிறை மரியே செபம் சொல்லச் சொன்னார். சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து நன்றாகச் சாப்பிட்டேன்.

ராத்தாவின் கடிதம் வந்த அன்று அதைச் சீலாவிடம் கொடுத்து, முழுவதையும் சொன்னேன். அவள் கேடயத்தை எடுத்துப் பழைய பேப்பரில் சுற்றி மேசையில் வைத்தாள். “நான் கருவாடு கட்டித் தந்தனான், நீங்கள் அதையும் சேர்த்தோ அந்த மனிசனை ஏமாத்தினீங்கள்?” என்று மட்டும் கேட்டாள். இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை.

வியாழக்கிழமை எல்லாவற்றையும் எழுதி ஸல்ஹாவிடம் கொடுத்தேன். சம்பைத் திரும்பக் கொண்டு வந்த கெட்டித்தனத்துக்கு என்று எனக்கு நிரந்தர நியமனம் கேட்டு அவர் எழுதி வைத்திருந்தார். அந்தக் கடிதம் மேசையில் இருக்க, அதற்கு மேலே என்னுடையதை வைத்தேன். எப்படி நட வேண்டும் என்று சொல்லித் தந்ததும் நீங்கள்தான் என்று எழுதியிருக்கிறேன். அவர் வாசித்துவிட்டுத் தன்னுடைய கடிதத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டார். இதைத் தலைமைக் கந்தோருக்கு அனுப்புகிறேன், உங்களுக்கு என்ன நடக்கும் என்று சொல்ல ஏலாது என்றார். ஓம் என்றேன். உங்கள் பெயரில் இருக்கிற பழியை எழுத்தில் நீக்க வேண்டும் என்றும் கேட்டிருக்கிறேன். அதன் கொப்பி ஒன்று இத்துடன் இருக்கிறது. இராசதுரை அண்ணனிடமும் சொன்னேன். வலையைக் கீழே போட்டுவிட்டு, “அப்ப நான் அந்த மனிசனுக்கு ஏசினது?” என்று கேட்டார். உங்கள் விலாசத்தை வாங்கிக்கொண்டார். எனக்கு முகம் தரவில்லை. அன்பியத்தில் இன்னும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு கூட்டம் இருக்கிறது. சீலாவும் கூட வருகிறேன் என்றிருக்கிறாள்.

என்னை மன்னியுங்கள் என்று கேட்க இந்தக் கடிதத்தை எழுதவில்லை. ஏசி எழுதுங்கள், எழுதாமலும் விடுங்கள், எனக்கு அது தகும். கந்தோர் உங்களைத் திரும்பக் கூப்பிட்டால், நான் அங்கே நிற்பேனே என்று வராமல் விட வேண்டாம். நான் நிற்க மாட்டேன்.

ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். பதினெட்டாம் திகதி பின்னேரம் நான் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி, குழாயைச் சாய்த்து, தண்ணீர் நிற்கும்வரை குந்தியிருந்து பார்த்து, சரியா என்று இன்னொரு தரம் தொட்டும் பார்த்துவிட்டுத்தான் மேலே ஏறினீர்கள். மகளுக்கு வலி என்று வாசலில் ஆள் நின்று அவசரப்படுத்தினார். அப்படியிருந்தும் செய்தீர்கள். அதைக் கண்ட ஒரே சாட்சி நான். இத்தனை மாதமும் அதைச் சொல்லாமல் வைத்திருந்தேன். உங்கள் கைக்கும் ஞாபகத்துக்கும் ஒரு குறையும் இல்லை நானா. ஹாஜியார் இன்னும் வேறு ஆள் பார்க்கவில்லை என்று ராத்தா எழுதியிருக்கிறார். இந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, இன்றைக்கே போய் அவருக்கு ஓம் சொல்லுங்கள்.

ஆண்டவன் உங்களையும் உங்கள் வீட்டாரையும் காப்பாற்றுவாராக.

இப்படிக்கு,
தண்ணீரை உயர்த்திய
வின்சன்ட்